மூச்சு விடும் குழாயும் பெலும் குகையும்

வேலந்தாவளத்தில் சந்தை கூடும் நாட்களில், மாடு ஏற்றி வரும் லாரிகளுக்குப் பக்கத்திலேயே ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டிகளும் வரிசையாக நிற்கும். ஓய்வுக்குப் பிறகு அந்த வண்டிக்காரர்களோடு டீ குடிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. இப்போது அவர்களில் பாதிப் பேர் கேமரா வைத்திருக்கிறார்கள். நீளமான கேபிள், அதன் முனையில் கட்டைவிரல் பருமனில் ஒரு கண், கண்ணைச் சுற்றிக் குட்டி விளக்குகள். குழிக்குள் இறக்கினால் மேலே சின்னத் திரையில் பாறை தெரியும்.

"ஏனுங்ணா, இது இல்லாத காலத்துல உள்ள என்ன இருக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று ஒரு வண்டிக்காரர் கேட்டார்.

"கண்டுபிடிக்கலீங்க. காது வெச்சுக் கேட்டோம், தூளைத் தொட்டுப் பாத்தோம். மிச்சத்த நெனச்சுக்கிட்டோம்."

"நெனச்சது சரியா இருந்துச்சுங்களா?"

அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் ஒரு குழியின் விஷயத்தில் அந்தக் கேள்வி என்னைப் பல வருஷம் விடவில்லை. அதற்குப் பதில் தேடி, வயதான காலத்தில் ரயில் ஏறி, டிக்கெட் வாங்கிக்கொண்டு ஒரு குகைக்குள் போய் வந்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

என் அப்பா சந்தைக்கு எதிரில் மிளகாய், மல்லி வியாபாரம் செய்தவர். எங்கள் ராவுத்தர் வீடுகளில் கடையை விட்டு வேறு வேலைக்குப் போனவர்கள் அன்று குறைவு. நானோ கல்லாவில் உட்கார்ந்தால் மிளகாய் கட்ட வந்த பழைய பத்திரிகையைப் படித்துக்கொண்டிருப்பேன். வாங்க வந்தவர் நின்று பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். இவன் கடைக்கு ஆகமாட்டான் என்று அப்பாவே தெரிந்தவர் மூலம் போர் வண்டியில் சேர்த்துவிட்டார். முதலில் குழிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கும் இரும்புத் தண்டான ராடு தூக்கினேன், பிறகு கம்ப்ரசர் பார்த்தேன், பிறகு குழி போடும் ட்ரில்லர் ஆனேன். பயிற்சியைப் பற்றி இவ்வளவு போதும். எல்லார் கையும் ஒரே மாதிரிதான் காய்த்தது.

எங்கள் முதலாளி பழனியப்பன் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். வண்டி அவருடையது, ஆனால் வீட்டில் இருந்துகொண்டு வண்டியை அனுப்பும் முதலாளி இல்லை. குழி போடும் இடத்துக்கு முதலில் வந்து கடைசியில் போவார். கம்ப்ரசர் ஓடும்போது அவர் கத்தி நான் பார்த்ததில்லை. விரலை மடக்கினால் மெதுவாக, உள்ளங்கையைத் தாழ்த்தினால் நிறுத்து, இரண்டு விரலைச் சுழற்றினால் அடுத்த ராடு. இயந்திரம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் பேசமாட்டார். காதின் இரைச்சல் அடங்கட்டும் என்பார். கோபமாக இருந்தாலும் நிலத்துக்காரரைத் "தோட்டத்துக்காரரே" என்றுதான் கூப்பிடுவார்.

அவரிடம் ஒரு முறை உண்டு. ஒவ்வொரு ராடு இறங்கியதும் குழியிலிருந்து காற்றோடு பறந்து வரும் தூளில் ஒரு கை அள்ளி, வரிசையாகக் குவித்து வைக்க வேண்டும். முதலில் செம்மண், அடுத்தது சுக்கான் கல், பிறகு சாம்பல் நிறப் பாறை. அந்த வரிசையைப் பார்த்தால் பூமியைப் படுக்க வைத்தது போல இருக்கும். தூள் கறுத்து ஈரமானால் தண்ணீர் பக்கத்தில். நீரோட்டம் பார்த்தவர் தேங்காய் வைத்துப் பார்த்தாரா, வேப்பங்குச்சி வைத்துப் பார்த்தாரா என்று அவர் கேட்கமாட்டார். சுண்ணாம்பில் குறி போட்ட இடத்தில் வண்டியை நிறுத்துவார். அவ்வளவுதான்.

இனி அந்தக் குழி. வேலந்தாவளத்துக்கு மேற்கே ஆறுச்சாமி என்ற விவசாயியின் தென்னந்தோப்பு. எந்த வருஷம் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் நான் சொல்லும் வருஷமும் அவர் சொல்லும் வருஷமும் ஒத்துப்போகவில்லை. தவறாக எழுதுவதைவிட விட்டுவிடுவது மேல். இருவரும் ஒப்புக்கொள்வது இது: சித்திரை மாதம், போன மழைக்காலம் பொய்த்திருந்தது, தீனி இல்லாமல் கறவை மாடுகள்கூடச் சந்தைக்கு வந்த கோடை.

அன்று தூள் வெள்ளையாக வந்தது. வாளையாறுப் பக்கம் பூமிக்குள் சுண்ணாம்புக்கல் பட்டை ஓடுவது எல்லாருக்கும் தெரியும். இங்கேயும் அது ஒரு கிளை விட்டிருக்கிறது போல என்று நினைத்தேன். மதியச் சாப்பாட்டுக்கு முன், ராடின் முனையில் பாறையைக் கொத்திக்கொண்டிருந்த ஹேமரின் சத்தம் திடீரென்று அறுந்தது. ராடு ஓர் ஆள் உயரத்துக்கு மேல் சட்டென்று கீழே விழுந்தது. கம்ப்ரசர் முழு வேகத்தில் ஓடுகிறது, ஆனால் குழியின் வாயில் காற்றும் இல்லை, தூளும் இல்லை. அத்தனை காற்றையும் பூமி குடித்துக்கொண்டிருந்தது.

பாறைக்குள் சின்னச் சின்ன இடுக்கு விழுவது எங்கள் தொழிலில் சாதாரணம். 'கேப்' என்போம். பெரும்பாலும் அதில்தான் தண்ணீர் இருக்கும். இவ்வளவு பெரிய கேப்பை நான் அதுவரை பார்த்ததில்லை.

பழனியப்பன் உள்ளங்கையைத் தாழ்த்தினார். பிறகு செய்ததெல்லாம் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. ராடின் மேல், விழத் தொடங்கிய இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு, போய் நின்ற இடத்தில் ஒரு கோடு. ராடை மெதுவாகத் தூக்கி, மெதுவாக இறக்கி, தரையைத் தொட்ட இடத்தில் மறுபடி கோடு. அந்தக் கோடு முதல் முறை நின்ற கோட்டோடு சேரவில்லை. ராடு இன்னும் ஆழத்தில் போய் நின்றது. மூன்றாம் முறை இறக்கினார். அதற்கும் கீழே நின்றது. ராடு போய் நின்ற மூன்று கோடுகளையும் அவர் வெகுநேரம் பார்த்தார்.

அடுத்து எங்களைப் பக்கத்துக் கிணறுகளுக்கு அனுப்பினார். குழிக்குள் காற்றை முழுதாகத் திறந்துவிடுவார். பூமிக்குள் வழி இருந்தால் ஏதாவது ஒரு கிணற்றில் குமிழி கிளம்பும், இல்லையென்றால் தண்ணீர் கலங்கும். என் பங்கு ஆறுச்சாமியின் பங்காளி வீட்டுக் கிணறு. படியில் இறங்கி, இருந்த கொஞ்சம் தண்ணீரைக் கண் எடுக்காமல் பார்த்தேன். ஒரு தவளை மட்டும் அசைந்தது. மற்றக் கிணறுகளிலும் ஒன்றும் இல்லை.

திரும்பி வந்து சொன்னோம். கம்ப்ரசர் நின்றது. காது அடங்கக் காத்திருந்துவிட்டு அவர் பேசினார்.

"தோட்டத்துக்காரரே, ராட உருவிக்கறனுங்க."

ஆறுச்சாமி குழிக்குக் குறுக்கே வந்து நின்றார். "உருவறதுங்களா? இப்பத்தான பொந்து கிடைச்சிருக்குது. அதுக்குக் கீழதான தண்ணி இருக்கோணும்?"

"இருக்கலாமுங்க."

"அப்பறம் என்னத்துக்கு நிறுத்தறீங்க?"

"காத்து எங்க போகுதுன்னு எனக்குத் தெரியிலீங்க. தெரியாத எடத்துல நான் ராடு விடறதில்ல."

ஆறுச்சாமி கெஞ்சினார், பிறகு ஏசினார். பழனியப்பன் ஒவ்வொரு ராடையும் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பது போல எடுத்தார். அந்தக் கோடைக்குப் பிறகு தோப்பின் மேற்குப் பாதி காய்ந்து நின்றது. முதலாளி இன்று உயிரோடு இல்லை. அன்று அவர் நிறுத்தியது சரியா என்ற கேள்வி மட்டும் எனக்கு மிச்சம்.

குழி சும்மா இருக்கவில்லை. மேலே பாறை வரை இறக்கியிருந்த இரும்புக் குழாயின் வாயை மூட ஆறுச்சாமி ஒருநாள் போனபோது, உள்ளிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் அடித்திருக்கிறது. மறுநாள் காலையில் போனால் காற்று உள்ளே இழுத்திருக்கிறது. எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பலமானது, அதனால் வெளிக்காற்று ஏமாற்றக்கூடாது என்று அடி அறுத்த பிளாஸ்டிக் குடத்தைக் குழாய் மேல் கவிழ்த்து, அதன் மறைவில் குழாயின் வாயோரம் வேட்டிக் கரைத் துண்டு ஒன்றைக் கட்டிவிட்டார். துண்டு உள்ளே ஒட்டினால் குழாய் மூச்சை இழுக்கிறது, வெளியே ஆடினால் விடுகிறது.

சில வருஷத்தில் அதன் குணம் அவருக்கு அத்துப்படி. வெயில் நாளில் காலையில் இழுக்கும், மதியத்துக்கு மேல் விடும். நாள் முழுக்க விட்டுக்கொண்டே இருந்தால் மழை வரும். நிலக்கடலை விதைக்கிறவர்களும் தேங்காய்ப் பருப்புக் காயப்போடுகிறவர்களும் வேலியோரம் நின்று, "ஏனுங்க, குழாய் என்ன சொல்லுது?" என்று கேட்டுப் போவார்கள். அவர் வீட்டம்மா சரசாள் வெள்ளிக்கிழமைகளில் குழாய்க்குக் குங்குமம் வைப்பார். பலித்த மழையை ஆறுச்சாமி மறப்பதில்லை, பலிக்காத மழையை நினைப்பதில்லை. இரண்டையும் கேட்டு வைத்த என்னால், பாதிக்கு மேல் பலித்தது என்று நேர்மையாகச் சொல்ல முடியும்.

இப்படி இருக்கும்போதுதான், சென்ற ஐப்பசியில் அவருடைய மகன் மயில்சாமி அப்பாவையும் கூட்டிக்கொண்டு கொழிஞ்சாம்பாறையில் என் வீட்டுக்கு வந்தான். தோப்பின் கிழக்குப் பாதியும் காயத் தொடங்கிவிட்டது. நீரோட்டம் பார்க்கிறவர் ஒருவர் வந்து, பழைய குழியிலேயே இரண்டு ஓட்டம் சேர்வதாகச் சொல்லியிருக்கிறார். புதுக் குழிக்கு அனுமதி வாங்க அலைய வேண்டும், பழைய குழி என்றால் பாதி வேலை முடிந்தது. பொங்கலுக்குப் பிறகு வண்டி வரச் சொல்லியாயிற்று.

"மாமா, நீங்க போட்ட குழி. ஒரே வார்த்தை சொல்லுங்க, அதுலயே எறக்கலாமா வேண்டாமா?" என்றான் மயில்சாமி.

அப்பா மகனை முந்திக்கொண்டார். "அவனுக்குத் தண்ணி வேணும் ராவுத்தரே. எனக்குந்தான் வேணும். ஆனா பைப்ப எறக்கி அடைச்சுப்போட்டா குழாய் அப்பறம் பேசாது. தண்ணியும் வராம அதுவும் போச்சுன்னா நான் என்ன பண்றது? அதுக்குள்ள என்னதாங்க இருக்குது?"

"தெரியாதுங்கண்ணா. இத்தன வருஷம் மேல நின்னு ஓட்டை போட்டிருக்கறனே தவிர, ஒரு பொந்தையும் உள்ள போய்ப் பாத்ததில்ல. பாக்காம எப்படிச் சொல்றது?"

அப்போதுதான் படித்தது நினைவுக்கு வந்தது. ஆந்திராவில் தாடிபத்ரிக்குப் பக்கம் பெலும் என்ற ஊரில், வயலுக்கு அடியில் சுண்ணாம்புக்கல்லில் பெரிய குகை இருக்கிறது, ஆட்கள் நடந்து பார்க்கும்படி விளக்குப் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன்.

"டிக்கெட் குடுத்தா பாதாளத்தக் காட்டறாங்களா? போலாமுங்க" என்றார் ஆறுச்சாமி.

சரசாள் கேட்டாராம், "இந்த வயசுல குகைக்குள்ள போயி என்ன தவமா பண்ணப் போறீங்க?" என்று. "தவம் பண்ண ஊட்லயே எடம் இருக்குது, நீ உட்டாத்தான" என்று பதில் சொல்லிவிட்டு வந்ததாக ரயிலில் என்னிடம் பெருமையடித்தார்.

பாலக்காட்டில் ஏறித் தாடிபத்ரியில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் போனோம். வழியெல்லாம் கறுப்புக் கல் பலகை அறுக்கும் பட்டறைகள். குகை இருக்கும் இடம் எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. மலையில்லை, காடில்லை. சமமான பூமி. அதில் கிணறு போல ஒரு பள்ளம், இறங்கப் படி.

"நம்மூட்டுக் கிணத்து மேடாட்டத்தான் இருக்குது. இதுக்கா இத்தன தூரம்?" என்றார் ஆறுச்சாமி. கொஞ்சம் நின்று அவரே சொன்னார், "அப்ப நம்மூட்டுக்கடியிலயும் இப்படி இருக்கலாமுங்கள்ல?"

எங்களுக்கு வழிகாட்டியாகக் கிடைத்தவர் ஓபுலேசு. திருப்பூர் பனியன் கம்பெனியில் சில வருஷம் இருந்தவர், அதனால் எங்கள் தமிழ் அவருக்குப் புரிந்தது. உள்ளே போனதும் முதலில் தெரிந்தது வெக்கை. குளிர்ந்த காற்றை எதிர்பார்த்துத் துண்டைப் போர்த்தி வந்த ஆறுச்சாமி, அதை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார். மஞ்சள் விளக்கில் சுவர்கள் வழவழப்பாக, அடுக்கடுக்காக, யாரோ சந்தனம் தேய்த்தது போல வளைந்து வளைந்து போயின. ஆறுச்சாமி சுவரைத் தடவினார்.

"ராவுத்தரே, இது எங்கூட்டு அடுப்படிக் கல்லுங்க."

உண்மைதான். நம் வீடுகளில் சமையல் மேடைக்குப் போடும் கடப்பாக்கல் இந்தப் பூமியில் அறுப்பதுதான். அதுவும் சுண்ணாம்புக்கல்லில் ஒரு வகை. தினமும் தேங்காய் நறுக்கும் கல்லுக்குள்ளே தண்ணீர் புகுந்து, கரைத்துக் கரைத்து, ஊர்வலம் போகும் அளவுக்கு வீதி போட்டிருக்கிறது.

குனிந்து போக வேண்டிய இடத்தில் ஓபுலேசு, "தலை, தலை" என்று எச்சரித்தார். அதற்குள் ஆறுச்சாமி முட்டிக்கொண்டார்.

"தலைய மேலயே வெச்சுட்டு வரச் சொல்லியிருக்கலாமுங்க" என்று நெற்றியைத் தேய்த்தார்.

"டிக்கெட்ல எழுதச் சொல்றேண்ணா" என்றார் ஓபுலேசு.

மேலே நிலத்திலிருந்து குழாய் வைத்து உள்ளே காற்று அனுப்புகிறார்கள். அதன் கீழே நின்று வியர்வையை ஆற்றிக்கொண்டோம். இந்தக் குகை மூச்சு விடுமா என்று ஆறுச்சாமி கேட்டார். ஓபுலேசுக்குக் கேள்வி புரியவில்லை. குழாயின் கதையை நான் விளக்கினேன். பூமிக்கு மேலே இருக்கும் காற்றுக்கு ஒரு கனம் உண்டு. அந்தக் கனம் கூடினால் வெளிக்காற்று பொந்துக்குள் போகும், குறைந்தால் உள்ளே இருப்பது வெளியே வரும். மழைக்கு முன் அது குறையும். இங்கே வாசல் பெரிது, காற்று போவதும் வருவதும் தெரியாது. அங்கே ஒரு சின்னக் குழாய்தான் வாசல், அதனால் முகத்தில் அடிக்கிறது.

ஆறுச்சாமி யோசித்தார். "அப்ப எங்கூட்டுக் குழாய் அந்தளவுக்கு ஊதோணும்னா, உள்ள எடம் பெருசுங்க."

அதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. ஓர் ஆள் உயரப் பொந்து என்றே இத்தனை வருஷமும் மனதில் வைத்திருந்தேன். நாள் முழுக்க ஊதும் காற்று அதில் எங்கே கொள்ளும்?

கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய கூடம். நடைபாதைக்கு வெளியே, கயிற்றுக்கு அந்தப் பக்கம், மேலிருந்து உடைந்து விழுந்த கற்கள் ஒரு சரிவாகக் கிடந்தன. அவற்றின் மேல் மாவு போல மண். என் கைத்தடியைக் கயிற்றின் அடியில் நீட்டி அந்தச் சரிவில் ஊன்றிப் பார்த்தேன். தடி நழுவிக் கீழே போய் நின்றது. தூக்கி மறுபடி ஊன்றினேன். முன்பு நின்ற இடத்துக்கும் கீழே போனது.

"பெரியவரே, அந்தப் பக்கம் போகக்கூடாது" என்றார் ஓபுலேசு.

"போகலீங்க. இன்னொருக்கா மட்டும்."

மூன்றாம் முறையும் தடி இன்னும் கீழே நின்றது. பழனியப்பன் போட்ட மூன்று சாக்பீஸ் கோடுகளும் எனக்கு அப்போதுதான் விளங்கின. எங்கள் ஹேமர் போய் உட்கார்ந்தது தட்டையான தரையில் இல்லை, சரிவில். அதற்கு மேல் ஓட்டியிருந்தால் ஹேமர் பாறையைக் குடையாமல் சரிவில் சறுக்கியிருக்கும், மேலே இருக்கும் ராடெல்லாம் வளைந்து, பொந்தின் நடுவில் முறிந்திருக்கும். மனிதர் இதைக் கண்ணால் பார்க்கவில்லை. கோட்டைப் பார்த்தே ஒரு சரிவை மனதில் கட்டியிருக்கிறார். என்னிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். அவர் சொல்கிற ஆள் இல்லை.

ஆறுச்சாமியிடம் சொன்னேன். அவர் சரிவைப் பார்த்தார், தடியைப் பார்த்தார். "அன்னைக்கு அந்த மனுசன நான் கொஞ்சமாப் பேசல ராவுத்தரே" என்றார். அதோடு நடந்தார்.

ஓபுலேசு போகிற வழியில் தரையைக் காட்டிக்கொண்டே வந்தார். மழைக்காலத்தில் தண்ணீர் புகுந்து ஓடும் இடத்தில் கல் கழுவினது போல இருந்தது. தண்ணீர் வராத இடத்தில் பழைய மண் அப்படியே. கூடம் கூடமாக நடந்தும் எங்கும் தண்ணீர் இல்லை. ஆலம் விழுது போலத் தொங்கும் கல், வரிசையாக நிற்கும் லிங்கம் போன்ற கல், தட்டினால் மணி போலக் கேட்கும் கல், எல்லாம் காய்ந்து கிடந்தன. ஆறுச்சாமி எதையும் வேடிக்கை பார்க்கவில்லை. "தண்ணி எங்கீங்க?" என்று ஒவ்வொரு திருப்பத்திலும் கேட்டார்.

கடைசியில், எல்லாவற்றுக்கும் ஆழமான இடத்தில், அது இருந்தது. பாதாளகங்கை என்கிறார்கள். ஒரு சுவரின் அடியிலிருந்து மெல்லிய ஓடை வந்து, எதிர்ச் சுவரின் அடியில் போய் மறைந்தது. அவ்வளவுதான். ஆறுச்சாமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இது எங்கீங்க போகுது?"

"தெரியாதுண்ணா. ஊருக்குள்ள ஒரு கிணத்துக்குப் போகுதுன்னு பெரியவங்க சொல்வாங்க."

"நீங்க நம்பறீங்களா?"

"கிணறு வத்தினதில்லன்னு சொல்றாங்க. நான் போய்ப் பாக்கல" என்றார் ஓபுலேசு. நேர்மையான வழிகாட்டி.

ஆறுச்சாமி ஓடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பொந்து காஞ்சிருந்தாலும் அதுக்கும் அடியில தண்ணி இருக்கலாம். இல்லாமயும் போகலாம். இத்தன தூரம் வந்து பாதிதாங்க தெரிஞ்சுது."

"அந்தப் பாதி ஊர்ல இருந்தப்பத் தெரியலீங்கள்ல."

"அது சரிதானுங்க" என்று என் கையைப் பிடித்து எழுந்தார்.

ஊர் திரும்பியதும் வண்டிக்கு முன் கேமராவை வரச் சொல்லச் சொன்னேன். இறக்கியது ஒரு மதியத்துக்கு மேல். குழாய் மூச்சை வெளியே விட்டுக்கொண்டிருந்தது. கேபிள் அதற்கு எதிராக உள்ளே போனது. திரையைச் சுற்றி நாங்கள் நால்வர். முதலில் துருப்பிடித்த குழாய், பிறகு சாம்பல் பாறை, பிறகு வெள்ளைப் பட்டை. அதன் பிறகு சுவரே இல்லை. விளக்கு எந்தப் பக்கமும் எதையும் தொடவில்லை. கேமராக்காரர் இன்னும் இறக்கினார். தரை தெரிந்தது. அதில் ஒரு குவியல், கூம்பாக, ஒரு பக்கம் சரிந்து.

"நம்ம தூளுங்க" என்றேன்.

மேலே வராமல் போன அன்றைய பாறைத்தூள். உச்சியில் ஹேமர் உட்கார்ந்து நழுவிய குழிவுகூட அப்படியே இருந்தது. இத்தனை மழைக்காலம் போயும் ஒரு சொட்டுத் தண்ணீர் அதைக் கலைக்கவில்லை. அதற்கு அப்பால் தரை சரிந்து இருட்டுக்குள் போயிற்று.

மயில்சாமி திரையிலிருந்து முகத்தை எடுத்தான். "மாமா, இந்தச் சரிவு போறது எங்கூட்டுப் பக்கமுங்களா?"

"இத்தன வருசமா இதுக்கு மேலயா தூங்கறோம்?" என்று சரசாள் நெஞ்சில் கை வைத்தார்.

"பயப்படாதீங்க. நடுவுல தென்னமரத்துமேல தென்னமரம் நிறுத்தின கனத்துக்குப் பாறை இருக்குது."

"அந்த ஒத்த வார்த்தைய இப்பச் சொல்லுங்க மாமா" என்றான் மயில்சாமி.

"வேண்டாங்க. கீழ தண்ணி இருக்குதா இல்லியான்னு எனக்கும் தெரியாது, இந்தக் கேமராவுக்கும் தெரியாது. இந்தக் குழில ராடு நிக்காதுன்னு மட்டும் தெரியும்."

"அப்பத் தென்னைய வெட்டிப்போடறதா?" என்றான் அவன். பொங்கலுக்கு வண்டி வரும் என்று அவன் எத்தனை பேரிடம் சொல்லியிருந்தானோ.

ஆறுச்சாமி குடத்தைத் திரும்பவும் குழாய் மேல் கவிழ்த்துக்கொண்டிருந்தார். "கிழக்கு மூலைல போடு. பஞ்சாயத்துக்குப் போயி அனுமதிக்கு எழுதிக் குடு. பொங்கலுக்கு இல்லீனா மாசிக்கு."

"அங்கயும் இதே பொந்து நீண்டு வந்திருந்தா என்ன பண்றதுங்கப்பா?"

"வந்திருந்தா இந்தக் குழாய் சொல்லும்."

அனுமதி வந்து வண்டி வந்தது மாசி கடைசியில். கிழக்கு மூலைக்கும் பழைய குழாய்க்கும் நடுவில் தோப்பு முழுக்க இருக்கிறது. ஆறுச்சாமி வண்டிப் பக்கமே வரவில்லை. குடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, குழாயின் வாயில் வலது உள்ளங்கையை வைத்து நின்றுகொண்டார். புதுக் குழியின் ஹேமர் அந்தப் பொந்தைத் தொட்டால் கம்ப்ரசர் காற்று இந்தக் குழாயில் பீறிடும். உடனே நிறுத்தியாக வேண்டும். கத்தினால் கேட்காது. அதனால் நான் நடுத்தோப்பில் நின்று அவர் கையையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒவ்வொரு ராடு மாற்றும்போதும் அவர் இடது கையை அசைப்பார்: ஒன்றுமில்லை, போகட்டும். நான் வண்டிப் பக்கம் திரும்பி இரண்டு விரலைச் சுழற்றுவேன்.

வெள்ளைப் பட்டை வந்தது. மயில்சாமி தூளைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் ஆறுச்சாமியைப் பார்த்தேன். இடது கை அசைந்தது. வெள்ளைப் பட்டை முடிந்து மறுபடி சாம்பல் பாறை வந்தது. வெயில் சாயும் நேரத்தில் தூள் கறுத்தது. அடுத்த ராடில் கட்டி கட்டியாக வந்து, அப்புறம் சேறாகி, அப்புறம் கலங்கலாகத் தண்ணீர் குழியிலிருந்து எழுந்து வண்டியின் பக்கவாட்டை நனைத்தது. சரசாள் ஓடி வந்தார், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் ஓடி வந்தார்கள். மயில்சாமி நனைந்துகொண்டே நின்றான்.

நான் ஆறுச்சாமியிடம் போனேன்.

"அண்ணா, தண்ணிங்க. வாங்க."

"எவ்வளவுங்க?"

"ஒண்ணரை இஞ்சுத் தண்ணி இருக்கும்."

"வண்டி நிறுத்தியாச்சா?"

"இன்னும் ஓடுது. ரெண்டு ராடு எறக்கிப் பாக்கலாம்னு சொல்றாங்க."

"அப்பறம் நான் எப்படி வர்றதுங்க? கைய எடுத்துட்டு வந்தா நிறுத்தச் சொல்ல ஆருங்க இருக்கறாங்க?"

நான் திரும்பிப் போய், ஒரு தேங்காய்த் தொட்டியில் அந்தக் கலங்கல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்தேன். வலது கையைக் குழாயிலிருந்து எடுக்காமல் இடது கையால் வாங்கி, நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பில்லீங்க" என்றார்.